எட்டாம் வகுப்பை முடித்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளிலிருந்து இந்த ஆண்டு விடைபெறும் மாணவ மாணவியருக்கு,

செல்வங்களே,

குழந்தைகளே என்று விளித்திருக்கலாம். ஆனால், மீசை அரும்பத் தொடங்கிவிட்டதா என்று தினமும் கண்ணாடியில் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ளும் பையன்களும், ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் ‘அக்கா, அக்கா’ என்று பின்னால் ஓடி வருவதைச் சகஜமாக ஏற்கப் பழகிவிட்ட பெண்களும் அந்த விளியை அவ்வளவாக விரும்பமாட்டீர்கள். ஆகையால் செல்வங்களே என்றே தொடங்குகிறேன். அதற்கு வயது வரம்பு கிடையாது.

உங்கள் பள்ளியின் ஆண்டு விழாவையும் உங்களை வழியனுப்பும் வைபவத்தையும் ஒரே மேடையில் நடத்திவிடுவதென்று தலைமையாசிரியர் தீர்மானித்து, சாமியானாவுக்கும் மைக் செட்டுக்கும் முன்பணம் கொடுத்து, சிறப்பு விருந்தினரின் சௌகரியத்துக்கு ஏற்பத் தேதியை மாற்றி முடிப்பதற்குள், ஊர்ப் பெரியவர் யாராவது டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்தபடி, “எட்டாவது வரைக்கும் எல்லாரும் பாஸ்தானே, இதுக்கு ஒரு விழா வேறயா?” என்று கேட்டிருப்பார். அவர் கேட்டதில் துவேஷம் எதுவும் இல்லை. அவருடைய தகப்பனார் காலத்தில் எட்டாம் வகுப்பின் முடிவில் ஈ.எஸ்.எல்.சி. என்றொரு சர்க்கார் பரீட்சை இருந்தது. அதில் தேறியவர் மேற்கொண்டு பயிற்சி பெற்று ‘ஹையர் கிரேடு’ உபாத்தியாயராக உத்தியோகம் பார்க்கலாம் என்ற நிலையும் இருந்தது. இன்று அதே வகுப்பின் தேர்ச்சி, அரசு அலுவலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் யோக்கியதையாகச் சுருங்கிவிட்டதைப் பார்க்கும்போது, அதற்கு மாலையும் மேடையும் எதற்கு என்று அவருக்குத் தோன்றுவது இயல்பே. உங்களில் சிலரும் அவ்வாறே நினைக்கிறீர்கள், பெற்றோரிடம் ‘விழாவுக்கு வராட்டியும் பரவாயில்ல’ என்று சொல்லிவைத்திருக்கிறீர்கள் என்று நான் ஊகிப்பதால்தான் இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

எல்லாரும் பாஸ் என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பெரியவர்களிடையே ஓயாத வாதம் நடந்துகொண்டிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்திவைக்கலாகாது என்று விதித்தது. நீங்கள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, 2019 செப்டம்பரில், ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத் தேர்வு என்று தமிழ்நாட்டிலேயே ஓர் அரசாணை பிறந்து, பலத்த ஆட்சேபத்துக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் ரத்தாயிற்று. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் விதியைத் திருத்தி, அவ்விரு வகுப்புகளிலும் நிறுத்திவைக்கலாம் என்று சொன்னபோது, தமிழ்நாடு தன் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று அறிவித்தது. பத்து வயதுப் பையனை இன்னொரு வருஷம் அதே பெஞ்சில் உட்காரவைத்தால் அவனுக்குக் கணக்கு வந்துவிடும் என்று நம்புகிறவர்களின் கட்சியில் நான் இல்லை. ஆனால் இன்று என் பிரஸ்தாபம் அதுவல்ல. எல்லாரும் பாஸ் என்பவர்கள், அந்த எட்டு ஆண்டுகளில் உங்களுக்கு என்னென்ன நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பதே என் குறை.

நீங்கள் 2018 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள். அந்த ஆண்டுதான் முதல் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. கைப்பேசியைக் காட்டினால் படம் ஓடும் கறுப்புவெள்ளைச் சதுரங்கள் அச்சிட்ட அந்த வழவழப்பான புத்தகத்தை முதலில் கையில் வாங்கியவர்கள் நீங்களே. இரண்டாம் வகுப்பு ஏறக்குறைய முடிந்துவிட்ட தறுவாயில், 2020 மார்ச் நடுவில், சில நாள் விடுமுறை என்று சொல்லிப் பள்ளியின் கதவைச் சாத்தினார்கள். கொரோனா என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு விளக்கம் எதுவும் ஏழு வயதில் உங்களுக்குக் கிடைத்திராது. அந்தக் கதவு மறுபடி உங்களுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது நீங்கள் நான்காம் வகுப்பு. இடையில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்று இருந்ததே, அதில் நீங்கள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. பதிவேட்டில் உங்கள் பெயர்கள் இருந்தன, மூன்றாம் வகுப்பு என்று எழுதிய அறை இருந்தது, அதில் கரும்பலகை இருந்தது. நீங்கள் மட்டும் இல்லை. பெருக்கலும் வகுத்தலும் கைவசமாக வேண்டிய, எழுத்துக் கூட்டுவதிலிருந்து பத்தியாகப் படிக்க முன்னேற வேண்டிய அந்த முக்கியமான வருஷத்தை, கல்வித் தொலைக்காட்சிக்கு முன்னும், அப்பாவின் கைப்பேசியில் டேட்டா மிச்சம் இருந்தால் அதற்கு முன்னும், இரண்டும் வாய்க்காத வீடுகளில் ஆட்டுக்குட்டிகளோடும் தங்கை தம்பிகளோடும் கழித்துவிட்டு, நேராக நான்காம் வகுப்புக் கணக்குக்கு முன்னால் வந்து நின்றீர்கள். உங்களுக்கு முந்தியவர்களும் பிந்தியவர்களும் தத்தம் பங்குக்கு இழந்தார்கள் என்பது மெய். ஆயினும் படிக்கக் கற்றுக்கொள்ளும் பிராயமும், பள்ளி பூட்டிக் கிடந்த காலமும் இவ்வளவு கச்சிதமாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது உங்கள் வகுப்புக்குத்தான்.

அப்படி வந்து நின்றவர்களை வைத்துக்கொண்டு உங்கள் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பது எந்தப் பரிசுப் பட்டியலிலும் வராது. நான்காம் வகுப்புப் புத்தகத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்துவிட்டு, உயிர்மெய் எழுத்துகளிலிருந்தும், பத்துக்கு மேற்பட்ட கூட்டலிலிருந்தும் தொடங்கிய டீச்சர்மார் அநேகர். மாலையில் இல்லம் தேடிக் கல்வி என்ற பெயரில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உங்களை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்காக்கள் அநேகர். இதில் ஒரு சிறு வேடிக்கையும் உண்டு: பசியோடு வரும் பிள்ளைகளுக்குக் காலையிலேயே சோறு போடும் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து விரிவடைந்தபோது, அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் என்று ஏற்பட்டது, நீங்களோ அந்த ஜூனில்தான் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தீர்கள். பொங்கலும் உப்புமாவும் மணக்கும் வராந்தாவைத் தாண்டி ஆறாம் வகுப்பு அறைக்குப் போகவேண்டியிருந்த நீங்கள், இந்த மாநிலத்தின் சரித்திரத்தில் உங்களைவிடத் துரதிர்ஷ்டசாலிகளாக யாரும் இருந்திருக்கமாட்டார்கள் என்று அப்போது நினைத்திருப்பீர்கள்.

சோற்றுக்கும் படிப்புக்கும் இந்த நாட்டில் உள்ள சம்பந்தம் பழமையானது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்ததையும், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரிவாக்கியதையும் உங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றை நான் சொல்கிறேன். 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்புச் சட்டம், பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்கப் பத்து ஆண்டுக்குள் ராஜ்யம் முயல வேண்டும் என்று ஒரு நெறி வகுத்தது. அந்தப் பத்து ஆண்டு எப்படிப் போயிற்று என்றால், 1960 போய், 1970 போய், நூற்றாண்டே முடிந்து, 2002-இல் அரசியலமைப்பைத் திருத்தி அதை அடிப்படை உரிமையாக்கி, 2009-இல் சட்டம் இயற்றி, 2010 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அது அமலுக்கு வந்தது. அறுபது வருஷம் காத்திருந்து பெற்ற உரிமையை, முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை, இடையில் ஒரு வருஷம் வகுப்பறையே இல்லாத நிலையிலும், விடாமல் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். டீக்கடைப் பெரியவரிடம் இதை யாராவது எடுத்துச் சொன்னால் அவர் ஒப்புக்கொள்வார், அவர் நியாயஸ்தர்.

இனி உங்கள் சாதனைகளுக்கு வருகிறேன். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்று சர்க்கார் பாஷையில் நீட்டியும், என்.எம்.எம்.எஸ். என்று உங்கள் பாஷையில் சுருக்கியும் சொல்லப்படும் பரீட்சையில் உங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேரோ மூன்று பேரோ தேறியிருந்தால், அவர்கள் புகைப்படம் இந்நேரம் பேருந்து நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் பேனராகத் தொங்கிக்கொண்டிருக்கும். தொங்கட்டும், அது சாமானியமான காரியமல்ல. மனத்திறனுக்குத் தொண்ணூறு வினா, பாடங்களுக்குத் தொண்ணூறு வினா, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். வினாத்தாளில் விரித்து வரைந்த பகடையை மனத்துக்குள்ளேயே மடித்து எந்த முகத்துக்கு எதிரே எந்த முகம் வரும் என்று சொல்லவேண்டும். தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 இடம். தேறியவருக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிய நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும். கூலி வேலைக்குப் போகும் ஒரு தாயிடம், ‘இந்தப் பணம் உன் மகள் சம்பாதித்தது’ என்று சொல்லக்கூடிய சந்தர்ப்பம் பதின்மூன்று வயதில் வாய்ப்பதென்றால் அதற்குப் பேனர் போதாது.

குறுவட்டப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிக் கோப்பை கொண்டுவந்தவர்களையும், கலைத் திருவிழாவில் பறையும் ஒயிலும் ஆடி மாவட்டம்வரை போனவர்களையும், இன்ஸ்பயர் விருதில் 10,000 ரூபாய் பெற்று, பழைய மோட்டாரையும் அட்டைப் பெட்டியையும் வைத்து ஏதோ ஒரு யந்திரம் செய்தவர்களையும் மேடையில் அழைத்துக் கௌரவிப்பார்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸோ, ஃபிரேம் போட்ட சான்றிதழோ கொடுப்பார்கள். சிறப்பு விருந்தினர், நீங்கள் அனைவரும் கலெக்டராகவும் டாக்டராகவும் வரவேண்டும் என்று வெகுநேரம் ஆசீர்வதிப்பார். ஊருக்கு ஒரு கலெக்டர் என்ற கணக்கில் மாவட்டங்களைப் பிரிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். சம்பிரதாயத்துக்காகச் சொல்கிறார், மன்னித்துவிடுங்கள்.

ஆனால் பரிசு வாங்காதவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் நான் இன்னும் சற்று நேரம் பார்க்க விரும்புகிறேன். நடுநிலைப் பள்ளி என்பது ஐந்து வயதுக் குழந்தையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம். அங்கே எட்டாம் வகுப்பு என்பது ஒரு வகுப்பு மட்டுமல்ல, ஓர் உத்தியோகமும் கூட. காலையில் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது நீங்கள். வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துக்குக் குரல் எடுப்பதும், குறளுக்குப் பொருள் சொல்வதும், செய்தித்தாளிலிருந்து தலைப்புகளை வாசிப்பதும் நீங்கள். சத்துணவு வரிசையில் சின்னப் பிள்ளைகளை முன்னே விட்டு, முட்டையை உரிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு உரித்துக் கொடுப்பதும் நீங்கள். இரண்டு ஆசிரியர் விடுப்பில் இருந்த நாளில், மூன்றாம் வகுப்பை ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு எந்தக் குறுவட்டமும் கோப்பை தருவதில்லை. எனினும் ஒரு தலைமையாசிரியரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், அந்த ஆண்டின் சிறந்த மாணவி யார் என்றால் அவர் யோசிக்காமல் அவள் பெயரைத்தான் சொல்வார். விழா நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எட்டாம் வகுப்பில் உள்ள ஒவ்வொருவரையும், பன்னிரண்டு பேரானாலும் முப்பது பேரானாலும், பெயர் சொல்லி மேடைக்கு அழையுங்கள். நன்றியுரையைச் சுருக்கினால் அதற்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

விழா முடிந்தபின், ஆட்டோகிராப் நோட்டில் ‘மறவாதே’ என்று எழுதி, சட்டையில் ஒருவர்மேல் ஒருவர் மை தெளித்து, குரூப் போட்டோவில் யார் சார் பக்கத்தில் நிற்பது என்று சண்டையிட்டு முடித்தபின், ஒரு காகிதம் உங்கள் கைக்கு வரும். மாற்றுச் சான்றிதழ் என்ற அந்தக் காகிதத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர். அதன்பின் உங்கள் உடம்பில் உள்ள இரண்டு அங்க அடையாளங்கள்: இடது முழங்கைக்குக் கீழ் ஒரு மச்சம், வலது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. மேல் வகுப்புக்கு உயர்வு பெற்றாரா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று ஒரு சொல். குணமும் நடத்தையும் என்ற இடத்தில், நீங்கள் ஏழாம் வகுப்பில் சன்னல் கண்ணாடியை உடைத்ததையெல்லாம் மறந்து ‘நன்று’ என்று ஒரு சொல். தலைமையாசிரியர் கையெழுத்திட்டிருப்பார். அந்தக் காகிதத்தை இன்னொரு தலைமையாசிரியர் மேஜையில் கொண்டுபோய் வைக்கும்வரை அது பாதி வேலைதான் முடித்திருக்கிறது.

இங்கேதான் நான் உங்களோடு மட்டுமின்றி, உங்கள் அப்பா அம்மாவோடும் பேசவேண்டியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை, எட்டாம் வகுப்புவரைதான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அதே சமயம், 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு நிறையாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, பதினான்கு நிறைந்தவரை அபாயகரமான தொழில்கள் நீங்கலாக மற்றவற்றில் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. படிக்கும் உரிமை முடிகிற அதே வயதில் வேலைக்குப் போகும் அனுமதி தொடங்குகிறது. இரண்டு சட்டங்களும் வெவ்வேறு அறைகளில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு அவை ஒரே கோடையில் வந்து சேருகின்றன. திருப்பூருக்கோ பேக்கரிக்கோ ஆள் கேட்டு மே மாதத்தில் ஒரு முகவர் வருவார், நல்லவராகவே இருப்பார், முன்பணமும் கொடுப்பார். பெண்ணுக்கு என்றால், ‘எதற்கு இன்னொரு ஊருக்குப் பஸ் ஏறிப் போகணும்’ என்று ஓர் அத்தை ஆரம்பிப்பார்.

அந்த அத்தையிடமும் அந்த முகவரிடமும் சொல்ல உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை படித்த பெண், கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறாள். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் அதே ஆறிலிருந்து பன்னிரண்டு என்ற நிபந்தனைதான். இந்த ஏழு ஆண்டில் மூன்றை நீங்கள் முடித்தாயிற்று. இப்போது நின்றாலும், ‘ஒன்பதாவதிலிருந்து இங்கிலீஷ் மீடியம் பிரைவேட்’ என்று கடன் வாங்கி மாறினாலும், அந்த மூன்றும் கணக்கில் சேராமல் போய்விடும்.

ஒன்பதாம் வகுப்பு செலவில்லாதது என்று நான் சொல்லவில்லை. பாடநூல் வரும், சத்துணவு பத்தாம் வகுப்புவரை தொடரும், பேருந்துப் பயண அட்டை உண்டு. ஆனால் ஆண்டுக்கு நான்கு செட் விலையில்லாச் சீருடை சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. விலையில்லாச் சைக்கிளோ பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது விதியானாலும், நேற்றுவரை வாசலில் இறங்கினால் பள்ளி என்றிருந்த பிள்ளைக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது வேறு தேசம். ஜூன் முதல் வாரத்தில் இரண்டு செட் துணி எடுத்துத் தைத்துக் கொடுக்க முடியாமல், ‘அடுத்த மாசம் போகலாம்’ என்று தள்ளிப்போட்டு, அந்த அடுத்த மாதம் வராமலே போன வீடுகள் இல்லாத ஊர் இல்லை.

ஆகவே ஊர்ப் பெரியவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக்குக் கொடுப்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. 1950-களின் கடைசியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த காலத்தில், கட்டடமும் பெஞ்சும் கடிகாரமும் ஊராரே மனமுவந்து கொடுத்தார்கள். இன்றும் பல ஊர்களில் கல்விச் சீர் என்று மேளதாளத்தோடு தாம்பூலத் தட்டு வரிசையாக ஏந்தி, மின்விசிறியும் நாற்காலியும் நோட்டும் பேனாவும் பள்ளிக்குக் கொண்டுவருகிறீர்கள். பார்க்கப் பரவசமாக இருக்கிறது. இந்த ஆண்டு அந்தத் தட்டுகளில் பாதியை, இங்கேயே நிற்கும் பள்ளிக்கல்ல, கிளம்பிப் போகும் பிள்ளைகளுக்கு என்று வையுங்கள். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியின் சீருடை எந்த நிறம் என்று விசாரித்து, பேருக்கு இரண்டு செட் துணியும் தையற்கூலியும் கொடுத்தால், வழிநெடுக வைக்கும் ஃபிளெக்ஸ் பேனர்களின் செலவுக்கு மேல் ஆகாது. ஜூன் பிறந்ததும் குழு உறுப்பினர் ஒருவர் அந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போய், நம் ஊரிலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து வாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும்.

செல்வங்களே, இனி உங்களிடம். புதுப் பள்ளியில் நீங்கள் மறுபடி சின்னவர்கள் ஆகிவிடுவீர்கள். மணி அடிக்கும் உத்தியோகம் வேறொருவரிடம் இருக்கும். அல்ஜீப்ரா முதல் மாதம் மிரட்டும். நான்காம் வகுப்பில் மூன்றாம் வகுப்பே இல்லாமல் வந்து நின்றவர்களுக்கு இது பெரிய விஷயமல்ல. மாற்றுச் சான்றிதழை விழா முடிந்த கையோடு வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டு நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். என்.எம்.எம்.எஸ். தேறியவர்கள் வங்கிக் கணக்கை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் யார் ஜூனில் வராமல் போகக்கூடும் என்பது ஆசிரியருக்கு முன்பாக உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை வெட்கப்படாமல் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பள்ளி திறக்கும் நாளன்று அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டு, எல்லாருமாக ஒரே பஸ்ஸில் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த அன்பன் ஒருவன்